கால் மாடு வாங்குவது: பண்ணைக்கும் ஃப்ரீசருக்கும் நடுவே

ஒரு மாட்டில் டெண்டர்லாயின் இரண்டுதான் இருக்கும், முதுகெலும்பின் உட்புறம் பக்கத்துக்கு ஒன்றாக. ஹேங்கர் என்கிற துண்டு முழு மாட்டுக்கும் ஒன்றே ஒன்று. அதே மாட்டிலிருந்து கொத்துக்கறி எண்பது, தொண்ணூறு கிலோ வந்து விழும். அமெரிக்காவில் பண்ணைக்காரரிடம் நேராகப் பேசி மாட்டுக்கறியை மொத்தமாக வாங்கும் குடும்பங்கள் முதலில் சந்திப்பது இந்தக் கணக்கைத்தான். கடையில் என்றால் பிடித்த துண்டை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம், மீதியை வேறு யாராவது வாங்கிக்கொள்வார்கள். பங்கு வாங்குகிறவருக்கு அப்படி ஒரு வேறு யாராவது கிடையாது. கழுத்துக்கறியும் காலெலும்பும் அவர் வீட்டுக்கே வந்து சேர்கின்றன.

நடைமுறை எளியது. பண்ணைக்காரர் மாட்டை முழுதாகவோ, பாதியாகவோ, கால் பங்காகவோ விற்கிறார். சிலர் அரைக்கால் பங்கும் தருகிறார்கள். முன்பணம் கட்டினால் மாடு அறுப்புக்குப் போகும் தேதியைச் சொல்வார். அறுத்து, தொங்கவிட்டு, வெட்டி, பொட்டலம் கட்டி உறைய வைத்த கறியை வாங்குகிறவர் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு போய் ஃப்ரீசரில் அடுக்க வேண்டும். தீபாவளிக்கு நாலைந்து வீடு சேர்ந்து ஓர் ஆட்டைப் பிடித்துக் கூறு போடும் பங்குக்கறியை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை ஏதுமில்லை. குர்பானிக்கு ஒரு மாட்டில் ஏழு பேர் வரை கூட்டுச் சேரலாம் என்பது முஸ்லிம் குடும்பங்களில் சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனால் கூறு போட்ட ஆட்டுக்கறி அன்று மதியமே குழம்பாகிவிடும். இங்கே கால் பங்கு என்பதே ஐம்பது கிலோவுக்கு மேல். மாதக்கணக்கில் வைத்துத் தின்ன வேண்டிய பொருள் அது.

இதைப் பற்றிய பேச்செல்லாம் இரண்டு முனைகளில் நின்றுவிடுகிறது. ஒரு முனையில் பண்ணை: மாடு புல் தின்றதா, தானியம் தின்றதா. மறுமுனையில் வீடு: எவ்வளவு மிச்சம், எத்தனை கன அடி ஃப்ரீசர். இரண்டும் அவசியமான கேள்விகள்தாம். ஆனால் இந்த வணிகம் பிழைப்பதும் நொடிப்பதும் இரண்டுக்கும் நடுவில் உள்ள சிறிய இறைச்சிக்கூடத்தின் கையில்தான் இருக்கிறது என்பது என் முடிவு. நேரடிக் கொள்முதல் என்று பெயர் இருந்தாலும், பண்ணைக்காரர் தன் கொட்டகையில் அறுத்து யாருக்கும் கறி விற்றுவிட முடியாது. இடையில் ஒரு கூடம் வேண்டும், அதற்கு ஆள் வேண்டும், குளிரறை வேண்டும், சட்டத்தின் அனுமதியும் வேண்டும்.

அந்தச் சிறிய கூடங்கள் அருகிப்போனதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1865இல் சிகாகோவில் யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் திறந்தபோது உயிருள்ள மாடுகள் ரயிலில் அங்கு வந்து குவிந்தன. 1870களின் இறுதியில் கஸ்டாவஸ் ஸ்விஃப்ட் பனிக்கட்டி வைத்துக் குளிர்விக்கும் ரயில் பெட்டிகளைக் கொண்டுவந்த பிறகு மாட்டை அனுப்ப வேண்டிய தேவை போயிற்று. சிகாகோவிலேயே அறுத்து, கறியைக் கிழக்கு நகரங்களுக்கு அனுப்பினார்கள். அப்டன் சின்க்ளேரின் 'தி ஜங்கிள்' நாவல் அந்தக் கூடங்களின் அசிங்கத்தை ஊரறியச் செய்த 1906ஆம் ஆண்டிலேயே கூட்டரசின் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் வந்தது. அடுத்த பெரிய மாற்றம் 1960களில். அயோவாவில் தொடங்கப்பட்ட ஐபிபி நிறுவனம், முழு உடலாக அனுப்பாமல், கூடத்திலேயே பெரிய துண்டுகளாக வெட்டி, காற்று நீக்கிய உறையில் அடைத்து, அட்டைப் பெட்டியில் அனுப்பத் தொடங்கியது. ஊர்க் கறிக்கடைக்காரருக்கு முழு மாட்டை வெட்டும் வேலை மெல்ல மெல்ல இல்லாமல் போனது. கை மறந்தது. இன்று தீவனம் போட்டுக் கொழுக்க வைத்த மாடுகளில் சுமார் 85 சதவீதத்தை டைசன், ஜேபிஎஸ், கார்கில், நேஷனல் பீஃப் என்னும் நான்கு நிறுவனங்களே அறுக்கின்றன.

இடையில் ஒரு காலம் இருந்தது, அதை இன்று பலரும் மறந்துவிட்டார்கள். 1930களிலும் 40களிலும் நடுமேற்கு மாநிலங்களின் சிற்றூர்களில் வாடகைக் குளிர்பெட்டி நிலையங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. வீட்டில் ஃப்ரீசர் இல்லாத காலம். விவசாயி தன் மாட்டை அங்கே கொடுத்து அறுத்து வெட்டி, தன் பெயரில் உள்ள பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்துப் போவார். போருக்குப் பின் வீட்டு ஃப்ரீசர் வந்ததும் வாடகைப் பெட்டிகள் காலியாயின. இப்போது மிஞ்சியிருக்கும் சிறு கூடங்களில் பல அந்த நிலையங்களின் வாரிசுகள்தாம். சில ஊர்களில் பெயர்ப்பலகையில் இன்னும் 'லாக்கர்' என்ற சொல் இருக்கிறது.

பெரிய கூடங்களை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்து 2020 வசந்தத்தில் வெளிப்பட்டது. கொரோனா தொற்று தொழிலாளர்களிடையே பரவி, பெரிய கூடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. உணவு வரத்தே அறுந்துபோகும் என்று டைசன் தலைவர் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து எச்சரித்தார். ஏப்ரல் 28 அன்று கூடங்களைத் திறந்து வைத்திருக்கும்படி அதிபரின் ஆணை வந்தது. கடையில் கறி விலை ஏறியது, பண்ணையில் மாட்டு விலை விழுந்தது. மேய்ச்சலில் மாடு நிற்கிறது, வீட்டில் வாங்க ஆள் நிற்கிறார், அறுத்துக் கொடுக்க இடமில்லை. சிறு கூடங்களுக்கு மக்கள் ஓடினார்கள், பல இடங்களில் அடுத்த ஆண்டுக்கும் சேர்த்துத் தேதிகள் தீர்ந்துபோயின. கடைகளில் பெட்டி ஃப்ரீசர் கிடைக்கவில்லை. மறு ஆண்டு மே மாதம் ஜேபிஎஸ் கணினிகளை இணையக் கொள்ளையர்கள் முடக்கியபோதும் அதே பாடம் திரும்ப வந்தது. அந்த நிறுவனம் 1.1 கோடி டாலர் கப்பம் கட்டி மீண்டது.

சட்டத்தின் பக்கம் வருவோம். அமெரிக்காவில் விற்பனைக்குப் போகும் மாட்டுக்கறிக்கு அரசு ஆய்வாளர் முத்திரை வேண்டும். அறுப்புக்கு முன் உயிருள்ள மாட்டையும், அறுத்த பின் உடலையும் உள்ளுறுப்புகளையும் அவர் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு விலக்கு உண்டு: ஒருவர் தன் சொந்த மாட்டைத் தன் வீட்டாரும் பணம் கொடுக்காத விருந்தினரும் உண்பதற்காக அறுத்துத் தரச் சொன்னால் இந்தப் பரிசோதனை தேவையில்லை. அந்தக் கூடத்தின் சுத்தத்தை அதிகாரிகள் அவ்வப்போது வந்து பார்ப்பார்கள், ஒவ்வொரு மாட்டையும் பார்க்க மாட்டார்கள். பொட்டலத்தில் 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்டிருக்கும். பங்கு வியாபாரத்தில் பெரும்பகுதி இந்த விலக்கில்தான் நடக்கிறது. அதனால்தான் பணம் கைமாறும் நேரம் முக்கியமாகிறது. மாடு உயிரோடு இருக்கும்போதே அதில் ஒரு பங்கை நீங்கள் வாங்கியிருக்க வேண்டும். அறுத்த பிறகு வாங்கினால் அது கறி விற்பனை, சட்டப்படி குற்றம். வாங்கிய பங்கிலிருந்து நாலு கிலோவை அலுவலக நண்பருக்கு விற்பதும் அப்படியே.

இந்த விலக்கை விரிக்க வேண்டும் என்று 2015இல் கென்டக்கியின் தாமஸ் மாசியும் மெயினின் செல்லி பிங்ரீயும், எதிரெதிர்க் கட்சிகளைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருவரும், ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார்கள். அது பலமுறை மீண்டும் வந்திருக்கிறது. வயோமிங் மாநிலம் 2020இல் மாட்டுப் பங்கு விற்பனையை எளிதாக்கும் திருத்தம் செய்தது. விலக்கை விரித்தால் சிறு பண்ணைகள் மூச்சுவிடும் என்பது ஆதரிப்பவர் வாதம். எதிர்ப்பவர்கள் 1993ஐ நினைவூட்டுகிறார்கள். ஜாக் இன் தி பாக்ஸ் உணவகங்களில் சரியாக வேகாத கொத்துக்கறியிலிருந்த ஈ.கோலை ஓ157:எச்7 கிருமியால் எழுநூறு பேருக்கு மேல் நோயுற்றார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். என் சாய்வு எதிர்ப்பவர் பக்கம். பரிசோதனையைத் தளர்த்துவதைவிட, பரிசோதனை உள்ள சிறு கூடங்களைக் கூட்டுவதே நல்ல வழி. கைக்கெட்டும் தூரத்தில் முத்திரை பெற்ற கூடம் இருந்தால் அங்கு அறுக்கும் பண்ணைக்காரரைத் தேர்ந்தெடுக்கலாம். எந்தக் கூடத்துக் கறியானாலும் கொத்துக்கறி உள்ளே 71 டிகிரி செல்சியஸ் எட்டும்வரை வேகட்டும். குழம்பிலும் சுக்காவிலும் அது தானாக நடந்துவிடும், பர்கர் தட்டும் பிள்ளைகள் உள்ள வீட்டில் வெப்பமானி ஒன்று இருப்பது நல்லது.

விலையில்தான் ஏமாற்றம் அதிகம், அதற்குக் காரணம் மூன்று எடைகள். 1,200 பவுண்டு, அதாவது 545 கிலோ உயிர் எடையுள்ள காயடித்த காளையை அறுத்துத் தோல், தலை, குடல் நீக்கினால் கொக்கியில் தொங்குவது ஏறத்தாழ 750 பவுண்டு. எலும்பும் கொழுப்பும் நீக்கி வெட்டினால் கைக்கு வருவது சுமார் 490 பவுண்டு, 220 கிலோ. பண்ணைக்காரர் சொல்லும் விலை பெரும்பாலும் தொங்கும் எடைக்கு. ஒரு கணக்குப் போடுவோம். கால் பங்கின் தொங்கும் எடை 200 பவுண்டு, விலை பவுண்டுக்கு 4.50 டாலர் என்று வைத்துக்கொண்டால் 900 டாலர். வெட்டுக்கூலி பவுண்டுக்கு 1 டாலர் என்றால் 200. அறுப்புக் கூலியில் உங்கள் பங்கு 30. மொத்தம் 1,130 டாலர். வீட்டுக்கு வரும் கறி 130 பவுண்டு. ஆக, 4.50 என்று காதில் விழுந்தது 8.70ஐத் தொடுகிறது. கொத்துக்கறிக்கு இது கூடுதல் விலை. 2025இல் அதன் நாட்டுச் சராசரிக் கடைவிலை பவுண்டுக்கு 6 டாலரைத் தாண்டிய பிறகும்கூடக் கூடுதல்தான். ஸ்டேக் துண்டுகளுக்கோ இது நல்ல சல்லிசு. இரண்டையும் கலந்து பார்த்தால் லாபமா நட்டமா என்பது நீங்கள் வழக்கமாக எதை வாங்குகிறவர் என்பதைப் பொறுத்தது. கொத்துக்கறியும் குழம்புக்கறியும் மட்டும் வாங்கும் வீட்டுக்குப் பணம் மிச்சமாகும் என்று யாரும் ஆசை காட்டக் கூடாது. பணத்தை முழுதாக முன்னால் கட்டுகிறோம், ஃப்ரீசர் விலையும் மின்கட்டணமும் தனி.

எந்தக் கால் பங்கு என்றும் கேட்க வேண்டும். முன்கால் பகுதி என்றால் தோள், கழுத்து, நெஞ்சுக்கறி, விலா. பின்கால் பகுதி என்றால் இடுப்பு, தொடை. நேர்மையான பண்ணைக்காரர் பாதி மாட்டின் துண்டுகள் எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்துக் கலந்து கொடுப்பார்.

பணம் கட்டியபின் கையில் வருவது வெட்டுப் படிவம். இந்த ஒரு தாளில்தான் வாங்குகிறவருக்கு உண்மையான அதிகாரம் இருக்கிறது, பெரும்பாலானோர் இதைப் பத்து நிமிடத்தில் நிரப்பிவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். ஸ்டேக் எத்தனை அங்குலக் கனம், பொட்டலத்துக்கு எத்தனை துண்டு, தோள் கறி ரோஸ்டாக வேண்டுமா, குழம்புத் துண்டாக வேண்டுமா, கொத்துக்கறி ஒரு பவுண்டுப் பொட்டலமா இரண்டு பவுண்டா, அதில் கொழுப்பு எவ்வளவு, விலா எலும்பை வைத்துக்கொள்கிறீர்களா, ஈரல், நாக்கு, வால், இதயம் வேண்டுமா என்று வரிசையாகக் கட்டங்கள். எழுதாமல் விட்ட கட்டத்தின் கறி கொத்துக்கறியாகிவிடும். வாலையும் நல்லி எலும்பையும் பல அமெரிக்கக் குடும்பங்கள் வேண்டாம் என்று தள்ளுகின்றன. அங்கே வாழும் தமிழ்க் கிறிஸ்தவ, முஸ்லிம் வீடுகளுக்கு இது வாய்ப்பு. அமெரிக்கர் மலைத்துப்போய் நிற்கும் கழுத்தும் காலும் நெஞ்சும் நம் சமையலின் நடுநாயகம். எலும்போடு ஓர் அங்குலத் துண்டாக வெட்டச் சொல்லி எழுதினால் ரம்பத்தில் அறுத்துத் தருவார்கள். சூப்புக்கு எலும்பும், சால்னாவுக்குக் காலும், வறுவலுக்குத் தோளும் ஆயிற்று. ஒரு முழுக் கால் பங்கைச் சலிப்பில்லாமல் தின்று முடிக்க வல்லது ஸ்டேக் சமையல் அன்று, குழம்புச் சமையல்தான். ஹலால் அறுப்பு வேண்டுமென்றால் தேதி குறிக்கும் முன்பே கூடத்தில் கேட்டுவிட வேண்டும். 1958ஆம் ஆண்டின் மனிதநேய அறுப்புச் சட்டமே சமய முறை அறுப்பை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் எல்லாக் கூடத்திலும் அதற்கு ஆள் இருப்பதில்லை.

அறுத்ததும் வெட்டுவதில்லை. பாதி பாதியாகப் பிளந்த உடல்கள் உறைநிலைக்குச் சற்று மேலான குளிரறையில் பத்து நாள் முதல் மூன்று வாரம் வரை கொக்கியில் தொங்கும். ஒவ்வொன்றிலும் உரிமையாளர் பெயரும் எடையும் எழுதிய சீட்டு. தசையிலேயே உள்ள நொதிகள் நாரை மெல்லத் தளர்த்துகின்றன, நீர் வற்றி ருசி திரள்கிறது. மேற்பரப்பு கறுத்துக் காய்ந்து ஒரு தோடு கட்டும், அதைச் சீவி எறிய வேண்டும், எடை குறையும். எடை குறைந்ததற்கு வாங்குகிறவர் சண்டை பிடிப்பதும், இடம் அடைபடுவதால் கூடத்துக்காரர் சீக்கிரம் வெட்டிவிடத் துடிப்பதும் வழக்கமான உரசல். குளிரறையின் கொக்கி எண்ணிக்கைதான் அந்த வட்டாரத்தின் மாட்டு வியாபாரத்துக்கே எல்லை. மூன்று வாரம் தொங்கும் ஒரு மாடு, ஒரு வாரம் தொங்கும் மூன்று மாடுகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

உறைய வைப்பதைக் கூடத்திலேயே முடித்துவிடுவது நல்லது. மெதுவாக உறையும் கறியில் பனித்துகள்கள் பெரிதாக வளர்ந்து தசைச் சுவர்களைக் கிழிக்கும். இளக்கும்போது ரத்தநிறத் தண்ணீர் வடிந்து, கறி சக்கையாகும். வீட்டு ஃப்ரீசர் ஒரு நாளில் கன அடிக்கு இரண்டு, மூன்று பவுண்டுக்கு மேல் உறைய வைக்கக் கூடாது என்பது அமெரிக்க வேளாண் விரிவாக்கத் துறையினர் சொல்லும் அளவு. ஐந்து கன அடிப் பெட்டியில் நாளுக்குப் பதினைந்து பவுண்டு. கால் பங்கை உறையாத நிலையில் வீட்டுக்குக் கொண்டுவந்தால் முடிக்க எட்டு நாளுக்கு மேல் ஆகும், அதற்குள் கடைசிப் பொட்டலம் கெட்டுவிடும். உறைந்த கறியை அடுக்க 35 முதல் 40 பவுண்டுக்கு ஒரு கன அடி போதும். கால் பங்குக்கு ஐந்து, பாதிக்கு எட்டு என்று சற்றுத் தாராளமாக வாங்கினால் கை விட்டுத் தேட இடம் இருக்கும். மேலிருந்து திறக்கும் பெட்டி வகையில் குளிர் கீழேயே தங்கும். தானாகப் பனி நீக்கும் வகை ஒவ்வொரு முறையும் சற்றுச் சூடேறி இறங்குவதால் நீண்ட நாள் சேமிப்புக்கு உகந்ததன்று.

-18 டிகிரி செல்சியஸில் கிருமி வளராது, ஆகவே கறி நஞ்சாவதில்லை. ஆனால் ருசி கெடும். உறையில் காற்று இருந்தால் பனி நேரே ஆவியாகி, கறி சாம்பல் நிறத்தில் வறண்டு நார்நாராகும். கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து காறும். கொத்துக்கறியின் ஒவ்வொரு துகளும் அரைக்கும்போதே காற்றைத் தொட்டுவிடுவதால் அது முதலில் கெடுகிறது. கொத்துக்கறிக்கு 3 முதல் 4 மாதம், ஸ்டேக்குக்கும் ரோஸ்டுக்கும் 4 முதல் 12 மாதம் என்பது அமெரிக்க அரசின் பரிந்துரை. காற்று நீக்கிய உறை இந்தக் காலத்தை நீட்டும், மெழுகுத் தாள் அவ்வளவு தாங்காது. மின்சாரம் போனால் திறக்காத நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம் குளிரைக் காக்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். புயல் பகுதியில் இருப்பவர்கள் காலி இடத்தில் தண்ணீர்ப் பாட்டில்களை உறைய வைத்து நிரப்பிவிட வேண்டும்.

இப்போது பசியின் கணக்கு. உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் சிவப்பிறைச்சிக்கு வைக்கும் வரம்பு ஒருவருக்கு வாரம் 350 முதல் 500 கிராம், சமைத்த எடையில். 500 கிராம் என்பது பச்சையாக முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் அந்த மேல்வரம்பு வரை தின்றாலும் 55 கிலோக் கால் பங்கு நாலு மாதத்துக்கு மேல் வரும். பாதியளவு தின்றால் ஒன்பது மாதம். கால் பங்கில் 22 கிலோ கொத்துக்கறி, அதை நாலு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு சிறு குடும்பத்துக்குக் கால் பங்கு அதிகம். இரண்டு வீடு சேர்ந்து ஒரு கால் பங்கை எடுத்துக்கொள்வதே உடம்புக்கும் கறிக்கும் நல்லது. பெட்டி நிறைந்திருப்பதால் வாரத்துக்கு நாலு நாள் மாட்டுக்கறி என்று ஆகிவிடும் வீடுகள் உண்டு, அந்தச் சிக்கனம் உடம்பில் கடனாக ஏறும்.

புல் தின்ற மாட்டின் கறியில் ஒமேகா-3 கூடுதல் என்பது மெய், ஆனால் அளவில் அது சிறிது, மீனுக்கு ஈடாகாது. புல் மட்டும் தின்றது என்ற சொல்லுக்கு வேளாண் துறை வைத்திருந்த விற்பனைத் தர வரையறை 2016 ஜனவரியில் கைவிடப்பட்டது. ஆகையால் கடைசி மாதங்களில் மாட்டுக்கு என்ன தீனி போட்டீர்கள் என்று பண்ணைக்காரரிடமே கேட்க வேண்டும். நேரடியாக வாங்குவதன் மதிப்பு இங்கேதான், கேட்டால் பதில் சொல்ல ஒரு மனிதர் இருக்கிறார். பக்கத்துப் பண்ணை என்பதால் சூழலுக்கு நன்மை என்ற வாதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. மாட்டுக்கறியின் பசுமைக்குடில் வாயுக் கணக்கில் போக்குவரத்து சிறு பங்கு, மாட்டின் வயிற்றிலிருந்து வரும் மீத்தேனே பெரும் பங்கு.

இதற்கெல்லாம் மேலாக, மாடு குறைகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்க மாட்டு மந்தை 8.67 கோடி, 1951க்குப் பிறகு மிகக் குறைவு. மாடு குறைந்தால் பெரிய கூடங்கள் அதிக விலை கொடுத்து இழுக்கும், பங்குக்கு விற்கும் பண்ணைக்காரருக்கும் அந்தச் சந்தை விலை ஆசை காட்டும். அவர் பங்கு வியாபாரத்தில் நிற்க வேண்டுமானால் அறுப்புத் தேதி உறுதியாகக் கிடைக்க வேண்டும். புல் தின்னும் மாடுகள் புல் செழித்த பருவம் முடியும் இலையுதிர்காலத்தில் ஒரே நேரத்தில் கொழுத்து நிற்கும், கூடத்துக்கு அப்போது நெருக்கடி. தேதி இரண்டு மாதம் தள்ளினால் அத்தனை நாளும் விலைக்கு வாங்கிய வைக்கோல் போட வேண்டும்.

2022 ஜனவரியில் சிறு, நடுத்தர இறைச்சிக்கூடங்களை வளர்க்க அரசு 100 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. வாஷிங்டன் மாநிலத்தின் லோபஸ் தீவில் 2002 முதலே வேறொரு வழியைச் செய்து காட்டியிருக்கிறார்கள். பண்ணைக்காரர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, அரசு ஆய்வாளர் உடன் வரும் நடமாடும் அறுப்பு வண்டியைப் பண்ணைக்கே ஓட்டிவந்தார்கள். மாடு லாரியில் ஏறிப் படகில் கடல் தாண்ட வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. வண்டியை வாங்கிவிடலாம், குளிரறையைக் கட்டிவிடலாம். தொங்கும் பாதி மாட்டை எலும்பு மூட்டு தெரிந்து பிரித்து, படிவத்தில் எழுதியபடி நூறு பொட்டலமாக்கும் கையைப் பழக்க ஆண்டுகள் ஆகும். அந்த வேலையைச் செய்கிறவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது. குளிரில், ஈரத்தில், கத்தியோடு நாள் முழுதும் நிற்கும் வேலைக்கு இளைஞர்கள் வர அதற்கேற்ற கூலி வேண்டும், அந்தக் கூலி வாங்குகிறவர் தரும் வெட்டுக்கூலியிலிருந்துதான் வர முடியும். பவுண்டுக்கு 1 டாலர் என்று மேலே போட்ட கணக்கில் குறைக்கக் கூடாத ஒரே வரி அதுதான்.